சிங்கப்பூர் பி.ஆர்.: மகன் பெயரையும் சேர்ப்பதா, விட்டுவிடுவதா?

தண்டையார்பேட்டை86
வெள்ளி, இரவு 10.20

வணக்கம். சிங்கப்பூரில் எனக்கு இது பதினோராவது ஆண்டு. எஸ் பாஸ் என்ற நடுத்தர வேலை அனுமதியில் போனேன், இப்போது அதற்கு மேல்நிலையான எம்ப்ளாய்மென்ட் பாஸ். சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. பதினாறு நாள் விடுப்பில் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறேன். பொங்கலும் இல்லை, கல்யாணமும் இல்லை. நிரந்தரவாச (பி.ஆர்.) விண்ணப்பத்துக்குத் தாள் சேர்க்க வந்தேன்.

இரண்டு சிக்கல்கள்.

சின்னது முதலில். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. பீரோ மேல்தட்டில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் பொரிந்து கிடக்கிறது. தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், ராயபுரத்து மருத்துவமனை எல்லாம் நீல மையில் அழகாக எழுதியிருக்கிறார்கள். 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. 1986 முதல் மாநகராட்சிக் கணக்கில் நான் ஒரு கோடாகத்தான் இருக்கிறேன். பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோதும் இது தேவைப்படவில்லை. 1989 ஜனவரி 26க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அப்போது பள்ளிச் சான்றிதழே போதுமானதாக இருந்தது.

பெரிய சிக்கல் மகன். அவனையும் சேர்த்து பி.ஆர். கிடைத்தால் 18 வயதில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போக வேண்டும். "நாம் இருவரும் மகளும் வாங்கிக்கொள்வோம், பையனை மட்டும் விட்டுவிடுங்கள்" என்கிறாள் மனைவி. அம்மாவோ, "துப்பாக்கி தூக்கவா என் பேரனை அங்கே அனுப்பினேன்?" என்று நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறார்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்
வெள்ளி, இரவு 10.41

வாழ்த்துகள் அண்ணா. ஆனால் பி.ஆர். வந்துவிட்டால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார்களே, யோசித்தீர்களா? அப்புறம் இங்கே வீடு வாசல் எதுவும் நம் பெயரில் இருக்க முடியாதாம்.

மண்ணடிக்காரர்
வெள்ளி, இரவு 11.05

அது தவறு தம்பி. யாரோ டீக்கடையில் சொன்னதை இங்கே கொண்டுவந்து ஊற்றாதீர்கள். குடியுரிமை வேறு, நிரந்தரவாசம் வேறு. நிரந்தரவாசிக்கு அங்கே நீல நிற அடையாள அட்டை, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. நீல அட்டை வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட்டும் இந்தியாவுடையதுதான். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்கும்போதுதான் நம் குடியுரிமை போகும். தண்டையார்பேட்டை வீடு அவர் பெயரிலேயே இருக்கலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு வாக்காளர் பட்டியலிலும் இடம் உண்டு. 2010இல் சட்டத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். ஆனால் நேரில் வந்து வாக்களிக்க வேண்டும்.

மாற்ற வேண்டியது வங்கிக் கணக்கு. சாதாரண சேமிப்புக் கணக்கை இன்னும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். பி.ஆருக்காக இல்லை, வேலைக்குப் போனபோதே மாற்றியிருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் மாற்றுவதில்லை.

புதுவண்ணை இ-சேவை
சனி, காலை 7.15

நான் புதுவண்ணாரப்பேட்டையில் இ-சேவை மையம் நடத்துகிறேன். கோடு போட்ட சான்றிதழ் மாதத்துக்கு நாலைந்து என் மேசைக்கு வருகிறது. எல்லாரும் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், அல்லது போனவர்கள். உள்ளூரில் இருக்கும்வரை யாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

நீங்கள் செய்யப்போகும் முதல் தவறை முன்கூட்டியே சொல்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில் இருப்பதால் நாலாவது மண்டல அலுவலகத்துக்குப் போய் நிற்பீர்கள். போகாதீர்கள். பிறப்புப் பதிவு பிறந்த இடத்தைப் பொறுத்தது, வீட்டைப் பொறுத்தது அல்ல. ராயபுரத்து மருத்துவமனை என்றால் ஐந்தாவது மண்டலம்.

பதிவான பிறப்புக்கு 15 ஆண்டுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது விதி. பழைய பிறப்புகளுக்கு அரசு இடையிடையே அவகாசம் கொடுத்து ஆணை போடும். இப்போது எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று அங்கேயே சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அப்பா அம்மா அடையாள அட்டை, எல்லாவற்றிலும் அசலும் நகலும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. பெயரை எழுதும்போது பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். எண் கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டலாம் என்று எந்தச் சித்தப்பாவாவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு.

தண்டையார்பேட்டை86
சனி, காலை 8.02

நன்றி அண்ணா. உண்மையிலேயே நாலாவது மண்டலத்துக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டை மாட்டியாகிவிட்டது.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதனால் பதினோரு ஆண்டுகளாக அலுவலகத்தில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகிறது. முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பிடித்திருக்கிறது.

எர்ணாவூர் வெல்டர்
சனி, பிற்பகல் 1.30

தம்பி, பி.ஆர். வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நல்லது. எனக்கு அந்த யோசனையே கிடையாது. அங்கே கப்பல் கட்டும் தளத்தில் 22 ஆண்டு. ஒர்க் பர்மிட். ஒர்க் பர்மிட்காரன் பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எஸ் பாஸும் எம்ப்ளாய்மென்ட் பாஸும் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கதவு. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போகவும் எங்களுக்கு அனுமதி இல்லை.

முன்பெல்லாம் இத்தனை ஆண்டுக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். வயது உச்சவரம்பையும் 60இலிருந்து 63 ஆக்கிவிட்டார்கள். ஆக, 63 வயது வரை நான் அங்கே இருக்கலாம், அங்கேயவனாக மட்டும் ஆக முடியாது. குறை சொல்லவில்லை. வீடு கட்டியது, தங்கைக்குக் கல்யாணம் செய்தது எல்லாம் அந்தக் காசுதான். நான் பற்றவைத்த கப்பல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்ததை என் மகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

கல்மண்டபம்
சனி, மாலை 6.10

நான் அங்கே செவிலியர். 2018 முதல் பி.ஆர். முதல் முறை நிராகரித்தார்கள், இரண்டாவது முறை கிடைத்தது. ஏன் நிராகரித்தார்கள், ஏன் கொடுத்தார்கள், இரண்டுக்கும் காரணம் சொல்ல மாட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, நாலு வரி வரும். அதைப் படித்துவிட்டு மறுபடி இரவுப் பணிக்குப் போனேன்.

மகன் விஷயத்துக்கு வருவதற்கு முன், உங்கள் கணக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்கிறேன். சேம நிதியைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே! பி.ஆர். ஆன நாளிலிருந்து மத்திய சேம நிதி பிடிப்பார்கள். முதல் ஆண்டு சம்பளத்தில் உங்கள் பங்கு 5 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 4. இரண்டாம் ஆண்டு 15, 9. மூன்றாம் ஆண்டிலிருந்து 55 வயது வரை உள்ளவர்களுக்கு முழு விகிதம்: உங்களிடம் 20, நிறுவனத்திடம் 17. சம்பளம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு மாதம் 350 வெள்ளி போகும், தாங்கிக்கொள்வீர்கள். மூன்றாம் ஆண்டு 1,400 போகும். நிறுவனம் தன் பங்குக்கு 1,190 போடும், ஆனால் அது கைக்கு வராது. ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். தண்டையார்பேட்டையில் யாருக்குக் குறையும் என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசவில்லை. தம்பி படிப்பின் நடுவில் பணம் குறைந்தபோது நான் அங்கே சொகுசாகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

பணம் எங்கும் போகாது. வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினால் அதில் எடுக்கலாம். நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கிளம்பினால் முழுதும் திருப்பிக் கொடுப்பார்கள். வீடு என்றதும் கனவு காணாதீர்கள். கணவன் மனைவி இருவரும் பி.ஆர். என்றால், இருவரும் மூன்று ஆண்டு ஆன பிறகுதான் மறுவிற்பனை வீடு வாங்கலாம்.

நான் ஏன் வாங்கினேன் தெரியுமா? வேலை போனால் பாஸ் ரத்து. அதன்பின் ஒரு மாதத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் வயிற்றைப் பிசையும். பி.ஆர். வந்த பிறகு அந்தப் பிசைவு இல்லை. நான் கண்ட பெரிய லாபம் அதுதான்.

பெரம்பூர் லோகோ
சனி, இரவு 8.45

நான் ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே விதி எழுதி வைத்தபடி நடக்கும், அதுதான் நிம்மதி. இங்கே 'நீல அட்டை' (புளூ கார்டு) என்பது படித்தவர்களுக்கான வேலை அனுமதி. அதில் இருப்பவர் 27 மாதம் ஓய்வூதிய நிதி கட்டி, ஏ1 என்ற தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். பி1 என்ற இடைநிலை தேறினால் 21 மாதமே போதும். நான் பி1 படித்து 21இல் வாங்கினேன். அலுவலகத்தில் நாள் கிடைக்கக் காத்திருந்தது தனிக்கதை. ஜெர்மனியில் வாழ்க்கை என்றொரு தேர்வு இருக்கிறது, 33 கேள்வி, நிரந்தர அனுமதிக்கு 15 சரியாக இருந்தால் போதும். நம் ஊர் ஓட்டுநர் உரிமத் தேர்வை விட எளிது.

ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். இங்கே ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போய்விட்டால் அது தானாகக் காலாவதி.  கனடாவில் ஐந்து ஆண்டில் 730 நாள் இருக்க வேண்டும் என்பார் என் மாமா மகன், நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டே வாழ்கிறார். சிங்கப்பூரில் எப்படி?

கல்மண்டபம்
சனி, இரவு 9.20

மறுநுழைவு அனுமதி. பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத் தருவார்கள், சிலருக்கு ஓராண்டுதான். நாட்டைவிட்டு வெளியே இருக்கும்போது அது கையில் இல்லையென்றால் 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆரே போகும். புதுப்பிக்கும்போது அங்கே வேலை செய்கிறோமா, குடும்பம் எங்கே என்று பார்ப்பார்கள்.

காசிமேடு வலை
சனி, இரவு 9.33

நான் சவுதி. எங்களுக்கு அந்தச் சொல்லே கிடையாது. 2019இல் ஒரு சிறப்புக் குடியிருப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் 8,00,000 ரியால். படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

காலடிப்பேட்டை
ஞாயிறு, காலை 9.50

ஏஜென்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள் அண்ணா. நான் போய் அடிபட்டவன். "நூற்றுக்கு நூறு கிடைக்கும், உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்லி ஒன்றேகால் லட்சம் வாங்கினார் ஒருவர். விண்ணப்பக் கட்டணமே 100 வெள்ளிதான், படிவமும் நாமே சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாக உள்ளே போய் நிரப்பும் படிவம்தான். அதில் என் கல்லூரி ஆண்டுகளை மாற்றிப் போட்டிருந்தார். பள்ளி முடிப்பதற்கு முன்பே நான் பட்டம் வாங்கியதாக இருந்தது! நிராகரிப்பு வந்த பிறகு நகலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "உங்கள் ஜாதகம் சரியில்லை" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியேதான் சொன்னார்.

வியாசர்பாடி பேரன்
ஞாயிறு, பகல் 12.15

வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். என் தாத்தா இரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் புத்தகம். அயலார் பதிவுச் சான்று. ஆண்டுக்கு ஒருமுறை காசு கட்டி முத்திரை வாங்க வேண்டும். பக்கம் பக்கமாக ஊதா முத்திரைகள். தாத்தா படத்தில் தலை நிறைய முடி. முத்திரைகள் 1964இல் நின்றுவிடுகின்றன.

1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. தாத்தா விண்ணப்பிக்கவில்லை. "இங்கேதானே கடை, இங்கேதானே பிள்ளைகள், எதற்குத் தாள்?" என்று இருந்துவிட்டார். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பலில் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது கையில் பாட்டி, நாலு பிள்ளைகள், இந்தப் பெட்டி. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்குக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். இன்றைக்கு எல்லாரும் வந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள், அந்தத் தட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

ஆகவே என் கருத்து ஒன்றுதான். தாள் கிடைக்கும் நேரத்தில் வாங்கிவிடுங்கள். குடும்பம் முழுவதற்கும்.

கொருக்குப்பேட்டை கேட்
ஞாயிறு, பகல் 12.31

அத்தோ எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?

நெறியாளர்
ஞாயிறு, பிற்பகல் 3.00

அத்தோ தொடர்பான பதினேழு பதிவுகள் உணவுப் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

மண்ணடிக்காரர்
ஞாயிறு, மாலை 4.40

வியாசர்பாடித் தம்பி, உங்கள் தாத்தா கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் பாடம் நீங்கள் சொல்வதில்லை. உங்கள் தாத்தாவிடம் இருந்ததும் ஒரு தாள்தான். தவறாமல் முத்திரை குத்திய தாள். அது அவரை அங்கே நிறுத்தவில்லை. பி.ஆரும் இன்னொரு நாட்டின் தயவில் இருக்கும் தாள். குடியுரிமை மட்டும்தான் வேறு வகை. பி.ஆரைக் குடியுரிமைக்குப் படிக்கட்டாக எண்ணி வாங்குகிறாரா, சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பும்வரை ஒரு குடையாக எண்ணி வாங்குகிறாரா என்பதை அவர் முதலில் தீர்மானிக்கட்டும். குடை என்றால் மகனை அதற்குள் இழுக்க வேண்டியதில்லை. படிக்கட்டு என்றால் மகனைக் கீழே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் ஏறுவது என்ன நியாயம்?

எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். குடை பிடித்தே ஆயுள் முழுதும் ஓட்டியவர்களும் உண்டு. கடைசியில் இங்கேயும் ஒரு அறை, அங்கேயும் ஒரு அறை, இரண்டிலும் விருந்தாளி.

வியாசர்பாடி பேரன்
ஞாயிறு, மாலை 5.02

பாய், தாத்தாவிடம் இருந்தது 'நீ அயலான்' என்று சொல்லும் தாள். வாங்காமல் விட்டது வேறு தாள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மண்ணடிக்காரர்
ஞாயிறு, மாலை 5.10

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அது சரிதான்.

ஓய்வுபெற்ற டீச்சர்
ஞாயிறு, இரவு 7.30

உங்கள் அம்மாவின் வயதுக்காரி நான். என் மகன் கனடாவில் நிரந்தரவாசி. அம்மா துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கி ஒரு சாக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. 'நிரந்தரம்' என்ற சொல்தான் அவருக்கு உறுத்தியிருக்கும். இத்தனை ஆண்டும் நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை. இந்தத் தாள் வந்தால் அங்கே வாழும் பிள்ளை. என் மகன் தொலைபேசியில் "அம்மா, பி.ஆர். வந்துவிட்டது" என்று கத்தியபோது நான் குழாயடியில் குடம் வைத்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவை உங்களோடு வைத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறதா? அதை முதலில் விசாரித்து, அவரிடம் சொல்லுங்கள்.

கல்மண்டபம்
ஞாயிறு, இரவு 8.05

டீச்சர், பதில் நான் சொல்கிறேன். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்திருக்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்பது குடிமக்களால் மட்டும் முடியும், நம்மைப் போன்ற நீல அட்டைக்காரர்களால் முடியாது. மற்றபடி அம்மா வருவார், சில வாரம் இருப்பார், மேல்மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்ப்பார், "பேச ஒரு ஆள் இல்லை" என்பார், போய்விடுவார். என் அம்மா அப்படித்தான்.

தெக்கோங் திரும்பியவன்
ஞாயிறு, இரவு 11.55

வணக்கம். எனக்கு 24 வயது. இந்த இழையில் எல்லாரும் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த மகன் நான்தான். பெற்றோர் ராயபுரம். எனக்கு 9 வயதாக இருந்தபோது குடும்பத்தோடு பி.ஆர். கிடைத்தது. என் தமிழ் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் விதிகள். முதல் தலைமுறையாக வேலையின் பெயரில் பி.ஆர். வாங்கும் அப்பாவுக்குத் தேசிய சேவை இல்லை. அவர் மூலம் வாங்கும் மகனுக்கு உண்டு. 16½ வயதில் பதிவு, 18இல் அழைப்பு, இரண்டு ஆண்டு முழுநேரம். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் சில நாட்கள் கூப்பிடுவார்கள். 13 வயதுக்குப் பிறகு வெளிநாட்டில் நீண்ட காலம் தங்க வேண்டுமென்றால் தனி அனுமதி, பிணைத்தொகை என்று கேள்விகள் வரும். அழைப்பை மதிக்காமல் இருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சேவை செய்யாமல் பி.ஆரைத் துறந்துவிடலாம். ஆனால் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது உங்களுக்கு எதிராக நிற்கும். "பதினெட்டு வரை அனுபவித்துவிட்டு நழுவிவிடலாம்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மகனைச் சேர்க்காவிட்டால் தேசிய சேவை இல்லை. ஆனால் அவன் வெளிநாட்டு மாணவனாகவே படிப்பான். கட்டணம் பி.ஆர். மாணவனை விடப் பலமடங்கு. 21 வயதில் சார்ந்திருப்போர் அனுமதியும் முடிந்துவிடும், அதன்பின் அவனுக்கென்று ஒரு பாஸ் தேட வேண்டும். அதே வீட்டில் தங்கைக்கு நீல அட்டை இருக்கும். இதையும் யோசியுங்கள்.

இனி என் கதை. சேர்ந்த நாளில் பெற்றோரும் படகில், பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்கு வரலாம். சுற்றிக் காட்டுவார்கள், உணவுக் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு இல்லை" என்றார். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. படகில் திரும்பிப் போகும்போது அப்பாதான் அழுதாராம். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாய் கொடுத்தார். கொண்டுபோகக் கூடாதோ என்ற பயத்தில் பையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் அதிகாரியே பார்த்து, கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கஷ்டமாக இருந்ததா? இருந்தது. ராயபுரத்தில் என் வயது மாமா மகன் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தபோது நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஆண்டு எங்கே என்று சில நேரம் தோன்றும். ஆனால் பள்ளியில் என்னை 'இந்தியாவிலிருந்து வந்தவன்' என்று சொன்ன பையன்கள், சேவைக்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. 9 வயதில் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஆனால் 11 வயதுப் பையனிடம் கேட்கலாம்.

ஓய்வுபெற்ற டீச்சர்
திங்கள், காலை 6.20

உன் தமிழில் ஒரு பிழையும் இல்லையப்பா.

தண்டையார்பேட்டை86
அடுத்த வாரம் வியாழன், இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாப் பதிவுகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீச்சர் எழுதியதைப் படித்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் பேசினார். "வருஷத்துக்கு ஒருமுறை வருவாய்தானே?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாவது மண்டலத்துக்கு மூன்று முறை நடந்தேன். மனு வாங்கிக்கொண்டார்கள். பழைய பதிவேட்டை எடுத்து எனக்கே காட்டினார்கள். பெரிய பதிவேடு, மூலையெல்லாம் உதிர்கிறது. என் பிறப்புக்கு மேலும் கீழும் இருந்த பிள்ளைகளுக்கும் கோடுதான். அந்தப் பக்கம் முழுவதும் கோடுகள். அவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

மகனிடம் வீடியோவில் கேட்டேன். தேசிய சேவை என்றால் என்னவென்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் எல்லாருக்கும் அண்ணன்கள் இருக்கிறார்களாம். "முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள் இல்லையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "திரும்பி வளர்ந்துவிடும்" என்றான். பிறகு, "தங்கைக்கு மட்டும் நீல அட்டை கொடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான். இதை முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நால்வர் பெயரையும் போட்டுத்தான் அனுப்பப்போகிறேன். மனைவி பாதி மனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறாள். "பதினெட்டு வயதில் அவன் அழுதால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்கிறாள்.

சேம நிதிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன் அக்கா. மூன்றாம் ஆண்டு இடிக்கிறது. தம்பியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இருக்கிறதே.

ஞாயிறு இரவு விமானம். சான்றிதழ் வந்ததும் அம்மா அனுப்பி வைப்பார்.

எர்ணாவூர் வெல்டர்
வியாழன், இரவு 10.02

நல்லது தம்பி. ஒரு உதவி. நீங்கள் சேர்த்த தாள்களின் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். எனக்கு இல்லை. மகள் இந்த ஆண்டு செவிலியர் படிப்பு முடிக்கிறாள். அங்கே போனால் எஸ் பாஸ் கிடைக்குமாமே.

தண்டையார்பேட்டை86
வியாழன், இரவு 10.10

அனுப்பிவிட்டேன் அண்ணா. முதலில் அவள் பிறப்புச் சான்றிதழை எடுத்து, பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எர்ணாவூர் வெல்டர்
வியாழன், இரவு 10.48

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அவள் பெயர் இருக்கிறது. என் பெயரில் ஒரு எழுத்து தப்பு.